மூன்று ஓலை, ஐந்து கம்பெனி

பூசை முடியப்போகிற நேரம். கோயிலுக்குள் மெழுகுவத்தி வாசனையும் முன்வரிசைப் பெண்களின் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து கிடந்தன. தலைக்கு மேலே ஒரு ஃபேன் கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. சாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறிவிப்புகளை வாசிக்க ஆரம்பித்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்குச் செருப்புத் தேடப் போய்விடுவார்கள். அன்று ஒருவரும் எழவில்லை. கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் (ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் வட்டாரம்தான் பங்கு) ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம் என்று ஊரறியச் சொல்வது. ஓலை என்பது பெயர்தான். இப்போது சாமியார் கையில் இருப்பது கம்ப்யூட்டரில் அடித்த தாள்.

"நம் பங்கைச் சேர்ந்த சூசை, லூர்து மேரி இவர்களின் மகள் ரோஸ்லினுக்கும்…" என்று மைக்கில் எங்கள் பெயர் வந்ததும், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஆலங்குடிப் பக்கம் காலஞ்சென்ற அந்தோணிசாமி, செல்வமேரி இவர்களின் மகன் அமல்ராஜுக்கும்…" என்று போய், அந்தக் கடைசி வரி வந்தது.

"இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

எனக்குத் தெரியும் என்று என் மனசு சத்தம் போட்டது. பெண்ணைப் பெற்றவனே எழுந்து நின்று தடை சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிக்சர் தின்றபடி சொன்ன செய்தி

எனக்குத் தெரிந்துபோனது முந்தின நாள் சாயங்காலம்தான். மாப்பிள்ளையின் அம்மா செல்வமேரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் மிக்சர் பொட்டலத்தோடும் வீட்டுக்கு வந்திருந்தார். ஆலங்குடியில் ஜாக்கெட் தைக்கிறவர். அளவு எடுக்கிற மாதிரியே மனிதர்களைப் பார்ப்பார்.

பையனைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். டிப்ளமோ படித்தவன், கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரி ஃபேக்டரியில் மிஷின் மெயின்டனன்ஸ் பார்க்கிறான், கைநிறையச் சம்பளம். வரனைக் கொண்டுவந்தது லூர்து மேரி. கோயிலில் பெண்கள் கூடுகிற மாதா சபையில் ஒரு அக்கா சொன்னாராம்.

"என் மகன் லேசுப்பட்ட ஆளில்லண்ணே. அஞ்சு கம்பெனி பாத்தவன்" என்றார் செல்வமேரி, பெருமையாக.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அஞ்சா? எத்தன வருஷத்துலம்மா?"

"படிச்சு முடிச்சு ஆறேழு வருஷம் இருக்கும்ணே. எங்கயும் தேங்கி நிக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு மிக்சரில் கடலையைப் பொறுக்கினார்.

அவர் போனதும் லூர்து மேரியிடம் கேட்டேன். "அஞ்சு கம்பெனின்னு ஒனக்குத் தெரியுமா?"

"இந்தக் காலத்துல எல்லாப் புள்ளைகளும் மாறிக்கிட்டுத்தான் இருக்குதுக" என்று அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கேட்டது அது இல்லை. தெரியுமா தெரியாதா என்பதற்கு அவள் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

என் ஜன்னல்

நான் ஏன் இப்படி என்பதற்கு என் வேலையைச் சொல்லவேண்டும். நான் எழுதும் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். முதலில் கார்டு அடிக்கிற மிஷின் இருந்தது. பிறகு விரல் வைக்கிற மிஷின் வந்தது. மேனேஜர்கள் மாறினார்கள், கேன்டீன்காரர்கள் மாறினார்கள், வாட்ச்மேன்கள் மாறினார்கள். ஜன்னலுக்குள் நான் மாறவில்லை.

வேலையை விடப்போகிறவனை அவன் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே நான் கண்டுபிடித்துவிடுவேன். கேன்டீன் சாம்பாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டான் என்றால் ஆள் கிளம்பப்போகிறான். இருக்கப்போகிறவனுக்குத்தான் சாம்பார் மேல் கோபம் வரும். சண்டை போட்டுக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சிரித்துப் பேசினால் நாள் குறித்துவிட்டான் என்று அர்த்தம். ஹாஸ்டல் பெண் ஒருத்தி வாளியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டால் அந்த மாதத்தோடு சரி.

போகும்போது யாரும் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லமாட்டார்கள். "அம்மாவுக்கு ஒடம்பு முடியல சார், ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்பார்கள். பொங்கல் லீவு முடிந்த மறுநாள் கேட்டில் நின்றால் தெரியும், தமிழ்நாட்டில் எத்தனை அம்மாக்களுக்கு ஒரே நேரத்தில் உடம்பு முடியாமல் போகிறது என்று.

அப்படி நின்று நின்று, எனக்கு மனிதர்கள் எல்லாரும் பை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருப்பவர்களாகவே தெரிய ஆரம்பித்தார்கள். ரிடையர் ஆன பிறகும் அந்தக் கண் போகவில்லை. கறிக்கடையில் வெட்டுகிறவர் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினால், கடையை விற்கப்போகிறார் என்று தோன்றும். இரண்டு தடவை தோன்றியது. ஒரு தடவை சரியாகவே இருந்தது.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஐந்து கம்பெனி மாறிய மாப்பிள்ளை வருகிறான். ஒரு கம்பெனி மாறினால் சம்பளம். இரண்டு மாறினால் சூப்பர்வைசரோடு தகராறு. ஐந்து மாறினால் என்ன? குடியா? கை நீளமா? பெண் விவகாரமா? இல்லை, எதிலுமே ஒட்டாத ஜென்மமா? கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகப் பயம். குடிகாரனைக்கூடத் திருத்தலாம். ஒட்டாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால், ஒருநாள் காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவான், திரும்பி வரமாட்டான். புதுக்கோட்டையில் ஒரு ரத்த டெஸ்ட் லேபில் வேலை பார்க்கும் ரோஸ்லின் எங்களுக்கு ஒரே பிள்ளை.

தடை இருக்கு சாமி

திங்கட்கிழமை காலையிலேயே சாமியாரைப் பார்க்கப் போனேன். கோயிலை ஒட்டி அவர் குடியிருக்கும் பங்களா முன்னால் டீசர்ட்டும் கைலியுமாக ரோஜாச் செடிகளுக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. நேத்து வாசிச்ச ஓலைக்கு ஒரு தடை இருக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. குழாயை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். "என்ன சூசை? பையனுக்கு முன்னாடி ஏதும் கல்யாணம்…"

"அதெல்லாம் இல்ல சாமி. அஞ்சு கம்பெனி மாறியிருக்கான்."

சாமியார் திரும்பிக்கொண்டார். போய்க் குழாயைத் திறந்தார். "திருச்சபைச் சட்டத்துல தடைன்னா இன்ன இன்னதுன்னு இருக்கு சூசை. நெருங்குன ரத்த சொந்தம், முந்தின கல்யாணம், இஷ்டமில்லாமக் கட்டிவைக்கிறது. கம்பெனி மாறுறது அதுல இல்ல."

"சேத்திருக்கணும் சாமி."

"நான் இந்தப் பங்குக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. இதுக்கு முன்னாடி ஏழு பங்கு பாத்துட்டேன். அப்ப என்னைய என்ன செய்யலாம்?"

"ஒங்கள மேலிடத்துல ஆயர் மாத்துறாரு. அவன் தானா மாறுறான்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நல்ல மனிதர், சிரித்து அனுப்பிவிடவில்லை. "மனசுல சந்தேகத்தோட மகளக் குடுக்காதீங்க. போயி விசாரிங்க. மூணாவது ஓலைக்கு முன்னாடி காரணத்தோட வந்து சொல்லுங்க. உண்மையான காரணமா இருந்தா நானே நிறுத்துறேன்" என்றார்.

எனக்கு இரண்டு வாரம் கிடைத்தது.

டீக்கடை விசாரணை

எங்கள் பக்கம் மாப்பிள்ளையை விசாரிக்க ஒரு முறை உண்டு. சொந்தக்காரர்களிடம் கேட்கக்கூடாது. சாதகமாகத்தான் சொல்வார்கள், இல்லையென்றால் பழைய பகையில் சொல்வார்கள். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போகவேண்டும். டீ சொல்லவேண்டும். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டும். பிறகு, அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, "இங்கன அமல்ராஜ்னு ஒரு பையன் இருந்தானே?" என்று ஆரம்பிக்கவேண்டும்.

செல்வமேரி பேச்சோடு சொல்லியிருந்த இடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் திருச்சிக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அவன் முதன்முதலில் சேர்ந்த இடம். எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "அமலா? தங்கமான புள்ளைங்க" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டவுடனே தங்கம் என்கிறார் என்றால் யாரோ முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அவ்வளவு தங்கத்த ஏன் விட்டாங்க?"

"அவுங்க எங்க விட்டாங்க, அவருதான் போனாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு வடை எடுக்கப் போய்விட்டார். மேற்கொண்டு பேச்சை வளர்க்கவில்லை. ஏன் வளர்க்கவில்லை?

அடுத்து பொன்னமராவதி. அங்கே ஒரு ரைஸ் மில்லில் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறான். டீக்கடைக்கே ஃபோர்மேன் வந்துவிட்டார், புருவமெல்லாம் தவிடு. "நல்லா வேல தெரிஞ்ச பையங்க. போறப்ப ஒவ்வொரு மிஷினா நிறுத்தி எங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டுத்தான் போனான்" என்றார்.

"ஏன் சொல்லிக்குடுக்கணும்?"

ஃபோர்மேன் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "அவன் போனப்பறம் மிஷின் நிக்கக்கூடாதுன்னுதான். வேற எதுக்குங்க?"

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மில்லில் என் ஜன்னலைத் தாண்டிப் போனவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதில்லை. குற்ற உணர்ச்சி இருக்கிறவன்தான் அப்படிச் செய்வான் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

கடைசியாகக் கந்தர்வக்கோட்டை. வேண்டுமென்றே அவன் உள்ளே வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். முந்திரி ஓடு வறுக்கிற புகை காற்றோடு வந்து தொண்டையைக் கரகரவென்று பிடித்தது. எதிரே கீற்றுக் கொட்டகையில் டீக்கடை. டீ சொன்னேன், வடை சொன்னேன், வெயிலைப் பற்றிப் பேசினேன்.

"பொண்ணு வீடுங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ச்சே, இல்லங்க. முந்திரி வெல விசாரிக்க வந்தேன்."

"வந்ததுலேருந்து முந்திரின்னு ஒரு வார்த்த சொல்லலயே. அமல் பேரைத்தான் மூணு தடவ சொல்லிட்டீங்க."

இன்னொரு டீ குடித்துச் சமாளித்துவிட்டுக் காசை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாங்க. அமல் அப்பவே போன் பண்ணிட்டாப்ல. மாமா வருவாங்க, காசு வாங்காதீங்க, வடை சூடா குடுங்கன்னுட்டாப்ல."

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பொன்னமராவதியிலிருந்தே தகவல் போயிருக்கிறது. நான் அவனை விசாரித்துக்கொண்டிருந்தபோது அவன் என் பஸ்ஸைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். இவ்வளவு விவரமானவன் எதையும் மறைக்கக்கூடியவன் என்று சந்தேகம் முன்னைவிட ஒரு பிடி கூடித்தான் வீடு திரும்பினேன்.

அவரும் ஒரு டீ குடித்திருந்தார்

இரண்டாவது ஓலை வாசித்த அன்று சாயங்காலம் செல்வமேரி மறுபடி வந்தார். இந்த முறை வாழைப்பழம் இல்லை. பின்னாலேயே அமல்ராஜ், தலையைக் குனிந்துகொண்டு. சேரில் உட்கார்ந்ததும் அந்த அம்மா சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"கந்தர்வக்கோட்டையில வடை நல்லாருந்துச்சாண்ணே?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"தப்பில்ல. பொண்ணப் பெத்தவரு விசாரிக்கத்தான் செய்வீங்க. ஒங்க மில்லுக்கு எதுத்தாப்லயும் ஒரு டீக்கடை இருக்குல்ல? நேத்து நானும் போயி ஒரு டீ குடிச்சேன்."

சமையலறையில் லூர்து மேரி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அங்க யாரும் ரெண்டு வருஷம் தாண்டலயாம். மேனேஜரே நிக்கலயாம். நீங்க மட்டும் முப்பது வருஷம் ஒரே நாற்காலியில இருந்திருக்கீங்க. எப்படிண்ணே? மொதலாளிக்குக் காது நீங்கதான்னு சொல்றாங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வேலையை விட்டு ஓடுகிறவனைச் சந்தேகப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓடாமல் இருந்தவனை யாராவது சந்தேகப்படுவார்களா? ஒரே இடத்தில் இருந்ததை நான் மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். இந்த அம்மா அதையே கறையாகப் பார்க்கிறார்.

"கேட்டா சொல்லுவேன். கேக்காம யாரப் பத்தியும் சொன்னதில்ல. விசுவாசம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றேன்.

"விசுவாசத்துக்கு முப்பது வருஷமா? சம்பளமும் பெருசா ஏறலயாமே."

"வீட்டுக்குப் பக்கம்."

"வீட்டுக்குப் பக்கத்துல வேற மில்லு இல்லயா?"

ஜாக்கெட்டில் தையல் பிரிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தார். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் ரோஸ்லின் வந்து நின்றிருந்தாள். இன்னும் ஒரு பொய்க் காரணம் சொன்னால் இந்தக் கல்யாணம் இவர்கள் பக்கத்திலிருந்தே நின்றுபோகும் என்று எனக்குப் புரிந்தது. நான் நிறுத்தலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர்கள் நிறுத்தக்கூடும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"பயந்தாம்மா" என்றேன். "வேற எங்கயும் என்னைய எடுப்பாங்களான்னு பயம். கரூர்ல ஒரு நல்ல எடம் வந்துச்சு. கெளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் வந்துச்சு, ஏறல. திரும்பி வந்துட்டேன்."

லூர்து மேரி வெளியே வந்துவிட்டாள். "காய்ச்சல்னு வந்து படுத்தீங்களே, அன்னைக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கட்டிய மனைவிக்கே தெரியாத ஒன்றைச் சம்பந்தி முன்னால் சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

செல்வமேரியின் முகத்தில் இருந்த விறைப்பு இறங்கியது. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாருண்ணே" என்றார். ஒரே பட்டறையில் வாழ்க்கை முழுக்க இருந்தவராம். ஒருநாள் காலையில் டிபன் டப்பாவோடு போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்திருக்கிறார். கேட்டில் பூட்டுத் தொங்கியதாம். "அதுக்கப்பறம் அந்த யூனிபாரத்தையே வீட்லயும் போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. தொவைக்கக் குடுக்கமாட்டாரு. ரெண்டு வருஷம் இருந்தாரு. அவரு போனப்பறம் இவன்ட்ட சொல்லிட்டேன். எங்கயும் பழகிப்போற அளவுக்கு இருக்காத. பழகறதுக்கு முன்னாடி கெளம்பிருன்னு."

ஐந்து கம்பெனிக்கான காரணம் இதுதான். குடி இல்லை, கை நீளமில்லை. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. நான் எதைக் கண்டு பயந்தேனோ அதையே அந்த அம்மா தன் வாயால் சொல்லிவிட்டார். அவனை நேராகப் பார்த்துக் கேட்டேன்.

"அப்ப எம்மகள்ட்டயும் பழகறதுக்கு முன்னாடி கெளம்பிருவீங்களா தம்பி?"

அமல்ராஜ் ரோஸ்லினைப் பார்த்தான். அவள் சொல்லுங்கள் என்பது மாதிரி கண்ணைக் காட்டினாள்.

"ரோஸ்கூடப் பழகி நாலு வருஷமாச்சு மாமா" என்றான்.

நான் மட்டுமல்ல, செல்வமேரியும் நிமிர்ந்துவிட்டார். "என்னடா சொல்ற?"

"கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடி மெடிக்கல் கேப்பாங்க மாமா, ரத்த டெஸ்ட்டு எல்லாம். ரெண்டாவது கம்பெனிக்கு எடுக்கறப்ப புதுக்கோட்டையில ரோஸ் இருக்குற லேபுக்குப் போனேன். ஒவ்வொரு கம்பெனி மாறுறப்பவும் அங்கதான் குடுத்தேன். வேற எடத்துல கம்மியான ரேட்டுக்கு எடுப்பாங்க, இருந்தாலும் அங்கதான் போவேன்."

ரோஸ்லின் கதவோரத்தை விட்டு உள்ளே வந்தாள். "மூணாவது தடவ வந்தப்ப நானே கேட்டேம்ப்பா. ஏன் எங்கயும் நிக்கமாட்டேங்குறீங்கன்னு. அவுங்க அப்பா யூனிபாரத்தப் பத்தி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. நான் விசாரிச்சு முடிச்சுத்தான்ப்பா சரின்னேன்."

"நாலு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே!"

"சொல்லியிருந்தா மறுநாளே அவரு கம்பெனிக்கு எதுத்தாப்ல போயி டீ குடிச்சிருப்பீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னாள். அதனால்தான் வலித்தது. ஊரில் யார் எப்போது கிளம்புவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொன்னவன் நான். என் வீட்டில், என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பெண் மனசில் நாலு வருஷமாக ஒருவன் இருந்திருக்கிறான். என் பார்வைக்குப் பயந்து அவள் முகத்தைக்கூட என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறாள்.

"அப்ப அந்த மாதா சபை அக்கா?" என்று லூர்து மேரியைக் கேட்டேன். அவள் அவசர அவசரமாக டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் குடித்து முடிக்காத டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

செல்வமேரிதான் முதலில் சிரித்தார். "நம்ம ரெண்டு பேரும் வீணா ஊரூரா டீ குடிச்சிருக்கோம்ணே" என்றார். பிறகு மகன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

மூன்றாவது ஓலை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வமேரியும் அமல்ராஜும் எங்கள் கோயிலுக்கே வந்துவிட்டார்கள். சாமியார் அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு இறுதி ஆசீருக்குக் கையை உயர்த்தினார்.

வெளியே பெண்கள் சேலை எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். அமல்ராஜ் என் பக்கத்தில் வந்தான். "மாமா, ஒரு டீ குடிப்பமா?"

சாலையைத் தாண்டிப் போனோம். இந்த முறை நான்தான் காசைக் கொடுத்தேன். அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேசலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. எனக்குப் பழைய புத்தி ஒரு நொடி எட்டிப் பார்த்தது. என்ன குண்டைத் தூக்கிப் போடப்போகிறானோ?

"ஓசூர்ல ஒரு கம்பெனி கூப்புட்டிருக்காங்க மாமா. பெரிய கம்பெனி. கல்யாணம் முடிஞ்ச மறுமாசம் சேரச் சொல்றாங்க. குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ரோசுக்கும் அங்க லேபுல வேல கெடைக்குமாம். போகலாமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. ரோசுக்குத் தெரியும். அடுத்து ஒங்ககிட்டத்தான் சொல்றேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் இன்னும் தெரியாது. கொஞ்ச நாளைக்கு நீங்களும் சொல்லவேணாம்."

அவன் கந்தர்வக்கோட்டையில் இருந்தால் ரோஸ்லின் ஒரு பஸ் தூரத்தில் இருப்பாள், ஞாயிறு பூசைக்கு வந்துவிட்டுச் சாயங்காலம் போவாள் என்று நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த டீக்கடை வாசலிலேயே போயிற்று. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. நான் சொன்னால் அவன் போகமாட்டான் என்பதும் தெரிந்தது.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. மில்லில் இருந்த காலமெல்லாம் கிளம்புகிறவன் எவனும் என் ஜன்னலுக்கு வந்து, இப்படி நேருக்கு நேர் பார்த்து, முன்கூட்டிச் சொன்னதில்லை. சொல்லும்படி நானும் இருந்ததில்லை. இவன் டீ குடிக்கக் கூப்பிட்டு, நம்பிச் சொல்கிறான்.

"ரத்தம் குடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "நாளைக்கு மாமா. ரோஸ்கிட்டத்தான்."

"வெறும் வயித்துல போங்க மாப்ள" என்றேன். அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வண்டியை எடுக்கும்போது லூர்து மேரி பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "தனியாக் கூட்டிட்டுப் போயி என்ன சொன்னாரு?"

"டீயில சீனி கம்மியாம்."

"அதுக்கா அவ்வளவு நேரம்? என்னமோ மறைக்கிறீங்க."

"ஒண்ணுமில்ல."

"மொகத்தப் பாத்தாலே தெரியுது. என்னமோ மறைக்கிறீங்க" என்று கீரனூர் ரோடு திரும்புகிற வரைக்கும் முதுகைக் குத்திக்கொண்டே வந்தாள். ஓசூருக்குப் போக எத்தனை பஸ் மாறவேண்டும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.